செல்போனுக்குப் பள்ளிக்குள் ஓர் இடம் கொடுங்கள்

நீலகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. சொல்லப்போவது இந்த மலையில் இன்னும் பல பள்ளிகளுக்குப் பொருந்தும்.

'மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது' என்று அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நுழைவாயிலில் ஒட்டியும் வைத்தார்கள். அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதன் பிறகு என் கடைக்குப் புதிதாக ஒரு தொழில் வந்து சேர்ந்தது. காலையில் பிள்ளைகள் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். மாலை மணி அடித்ததும் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 ரூபாய். பக்கத்து டீக்கடையில் 10 ரூபாய். ஆக, இந்த விதியால் எனக்கு வரவுதானே தவிர நட்டம் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன்களை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைக்கிறேன். ஒவ்வொன்றையும் கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு, மேலே பெயரும் வகுப்பும் எழுதிவிடுவேன். பெரும்பாலானவை அண்ணனோ மாமாவோ பயன்படுத்திக் கழித்தவை: கண்ணாடி விரிசல் விட்டது, பின்மூடி கழன்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது, சார்ஜ் நிற்காதது. அணைக்க மறந்த ஒன்று நடுப்பகலில் உறைக்குள்ளிருந்து அடிக்கும். நான் எடுப்பதில்லை. ஆனால் அதற்குள் ஒரு பெண்பிள்ளையின் படங்களும், தோழிகளோடு பேசிய பேச்சும், அப்பாவின் வங்கிச் செய்திகளும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். இவையெல்லாம் நாள் முழுதும் முகம் தெரிந்தவர், தெரியாதவர் கடைகளில் கிடக்கின்றன. என்னிடம் பதிவேடு கிடையாது, பூட்டு கிடையாது, யாருக்கும் பதில் சொல்லவேண்டிய கடமையும் கிடையாது. நாளை டின்னோடு திருடு போனால் பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பார்கள்? பள்ளி கை கழுவிவிடும். நானும் கை விரித்துவிடலாம். பள்ளிக்குள் செல்போன் இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். வாசலிலிருந்து இருபது அடி தள்ளி அத்தனையும் இருக்கின்றன.

வகுப்பில் செல்போன் வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. பாடம் நடக்கும்போது அது பையில் கூட இருக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சியும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, ஒருமுறை கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்றுவதற்கு 20 நிமிடம் வரை ஆகலாம் என்ற ஆய்வு முடிவை எடுத்துச் சொல்கிறது. 40 நிமிட வகுப்பில் அது பாதி. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் (ASER) 2024 அறிக்கையின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். கேட்ட நாளுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 விழுக்காடு, சமூக வலைதளத்துக்காகத் தொட்டவர்கள் 76 விழுக்காடு. படிப்பதற்குத்தான் போன் என்று வீட்டில் சொல்லி வாங்கும் பிள்ளைகளை எனக்கும் தெரியும். ஏமாற நான் தயாரில்லை.

என் வழக்கு வேறு. பயன்படுத்துவதைத் தடுப்பதும் கொண்டுவருவதைத் தடுப்பதும் ஒன்றல்ல. பிரான்ஸ் நாடு 2018இல் சட்டம் போட்டபோது ஏறத்தாழ 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளியில் செல்போனைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் போட்டது. வீட்டிலிருந்து எடுத்து வருவதையே குற்றமாக்கவில்லை. நாம் இங்கே இரண்டையும் ஒரே வரியில் சுருட்டிவிட்டோம்.

அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊட்டிப் பக்கத்துப் பெரிய விடுதிப் பள்ளிகளில் செல்போனுக்கு இடமில்லை. அதைப் பார்த்துத்தான் ஒழுக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நமக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். அங்கே பிள்ளை மாலையில் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பதில்லை. வார்டன் இருக்கிறார், அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறது. நம் பிள்ளைகள் கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம், கோடநாடு, அரவேணு என்று நாலாபுறமும் பிரிந்து போகிறவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் தேயிலைக்குள் இறங்கித் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கோ, ஒற்றையடிப் பாதையில் ஹட்டிக்கோ (படுகர் ஊருக்கோ) நடக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஐந்தரை மணிக்கே பனிமூட்டத்தில் எதிரே வருவது ஆளா காட்டெருமையா என்று தெரியாது. கரடி நடமாட்டம் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர்ப் பக்கம் யானைகள் சாலையோரத்திலேயே நிற்கும். 'அம்மா, மேட்டுக்கு வந்து நில்லு' என்று ஒரு பிள்ளை பஸ்ஸிலிருந்து கூப்பிட்டுச் சொல்வது ஆடம்பரம் அல்ல.

2009 நவம்பரை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இருக்க முடியாது. மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; சாலைகள் துண்டு துண்டாயின. இப்போது மழை வலுத்தால் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார், நல்லதுதான். அந்த அறிவிப்பு சில நாள் முதல் பஸ் கிளம்பிய பிறகு வருகிறது. அன்றைக்குப் பள்ளி பூட்டியிருக்க, நனைந்தபடி என் கடைத் திண்ணையில் ஒண்டும் பிள்ளைகள், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வந்த, உங்கள் விதிக்கு உண்மையாகவே கட்டுப்பட்ட பிள்ளைகள்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும், எப்படியாவது ஒரு செல்போன் வாங்கிக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர்கள் நாம்தான். கம்மலை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு. சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டில் குடையோடு உட்கார்ந்திருந்ததும் உண்டு. பள்ளி திறந்தது; வாட்ஸ்அப் குழு மட்டும் கலையவில்லை. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் இன்னும் அதில்தான் வருகின்றன, பல நாள் இரவு எட்டு மணிக்கு மேல். வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது; அப்பா வேன் ஓட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். மறுநாள் காலை பள்ளி தொடங்குமுன் என் கடையில் வரிசை. 'அக்கா, குழுவில் வந்ததைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.' அதிலும் எனக்குக் காசு. பகலில் தொடாதே என்றும் இரவில் தொடாமல் இராதே என்றும் ஒரே பள்ளி சொன்னால், பிள்ளைகள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். வாட்ஸ்அப் குழு விடுமுறைக்கும் அவசரத்துக்கும் மட்டும் இருக்கட்டும்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் வந்து, தன் செல்போனிலிருந்த சிலவற்றைப் பிரிண்ட் எடுக்கவேண்டும் என்றார். இன்ஸ்டாகிராமில் பள்ளியின் பெயரை ஒட்டவைத்து யாரோ நடத்தும் ஒரு பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், அவர்கள் போடுவார்கள். அதில் அவருடைய மகளின் படம், நடன உடையில். கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். இயந்திரத்திலிருந்து தாள் வந்தபோது அந்தப் பின்னணி எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்தது: ஆண்டு விழா மேடை, நீலத் திரை, பேனரின் ஓரம். அந்தப் படத்தை எடுத்து முதலில் ஊருக்குக் காட்டியது எந்த மாணவனும் அல்ல. விழா முடிந்த இரவே பள்ளியின் முகநூல் பக்கத்தில் முழுத் தொகுப்பாக ஏற்றியிருந்தார்கள். அங்கிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

அந்த மகளுக்கு இது முன்பே தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை என்று தாய் கேட்டதற்கு மகள் சொன்ன பதில்: 'முதலில் உனக்கு செல்போன் ஏது என்றுதான் கேட்பார்கள்.'

உங்கள் விதியின் விளைவு இது. செல்போன் வைத்திருப்பதே குற்றம் என்றான பிறகு, செல்போனால் காயப்பட்ட பிள்ளை வாயைத் திறக்காது. காயப்படுத்தியவனுக்கு அதைவிட வசதி எது? ஆகவே எந்த விதி எழுதினாலும் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: இணையத்தில் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வரும் மாணவரிடம் செல்போன் பற்றிக் கேள்வியும் இல்லை, தண்டனையும் இல்லை. யாரிடம் சொல்வது என்பதற்கு ஓர் ஆசிரியையின் பெயர் எழுதியிருக்கட்டும். 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வித் துறை) என்ற இரண்டு உதவி எண்களும் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும். படத்தை அழித்துவிடு, பேச்சை முடித்துவிடு என்று சமாதானம் பேசி அனுப்பாதீர்கள். பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கே போகவேண்டும். அந்தத் தாய் போனார்.

பெரியவர்களுக்கும் இதே தாளில் இடம் வேண்டும். ஆசிரியர்கள் ரீல்ஸ் போடுகிறார்கள். பிள்ளைகள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சீருடையும் அடையாள அட்டையும் தெரிய, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று யாருக்கும் விளங்கும்படி அவை பொதுவெளியில் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கச் சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தோடு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சொல்லாதீர்கள். எந்த விழா, எந்தப் படம், எங்கே போடப்போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். 'வேண்டாம்' என்ற பெற்றோரின் பிள்ளையை மேடையின் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள்.

செல்போனை உள்ளே விட்டால் பொறுப்பு நம் தலையில் விழும் என்பதுதான் தலைமை ஆசிரியர்களின் உண்மையான அச்சம். நியாயம்தான். ஆனால் வழி இல்லாமல் இல்லை. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பள்ளி மாணவரின் வழக்கில், ஸ்மார்ட்போனை முற்றாகத் தடை செய்வது விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஒத்ததும் அல்ல என்றது. வகுப்பில் பயன்படுத்தக் கூடாது. இயன்ற இடங்களில் பள்ளியே வாங்கிப் பத்திரமாக வைக்கலாம். பிள்ளையின் பாதுகாப்புக்காகத் தொடர்பு கொள்வதைத் தடுக்க வேண்டாம். விதியைப் பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்து எழுத வேண்டும் என்று வழிகாட்டியது. அந்தத் தீர்ப்பு நம் மாநிலப் பள்ளிகளைக் கட்டாயப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். நல்ல யோசனையைக் கடன் வாங்க யாருடைய கட்டாயமும் வேண்டாமே.

ஒரு மரப்பெட்டி, வகுப்புக்கு ஒன்று. அறை அறையாகத் தடுத்தது, பூட்டுள்ளது. ஊர்த் தச்சர் செய்து தருவார். முதல் மணிக்கு முன் செல்போனை அணைத்து வைக்கவேண்டும், பதிவேட்டில் கையெழுத்து, சாவி வகுப்பாசிரியரிடம். கடைசி மணிக்கு எடுத்துக்கொண்டு போகலாம். இடையில் வீட்டுக்குப் பேசவேண்டிய அவசரம் வந்தால் அலுவலகத் தொலைபேசி. கொண்டுவர விரும்பும் பிள்ளையின் பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறை எழுதித் தரட்டும். தொலைந்தால் பள்ளி எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதையும் அதிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை பட்டன் போன் மட்டும் என்று வைத்தாலும் எனக்குச் சம்மதமே. மலைப்பாதைக்கு வேண்டியது பேச்சுதான், படம் அல்ல. இன்ஸ்டாகிராம் நிறுவனமே 13 வயதுக்குக் கீழ் கணக்கு கூடாது என்கிறது. சர்க்கரை அளவைச் செல்போனில் பார்க்கவேண்டிய பிள்ளை போன்றவர்களுக்கு விலக்கு இருக்கவேண்டும். அதில் விவாதம் இராது என்று நினைக்கிறேன்.

பெட்டியில் வைக்காமல் வகுப்பில் எடுப்பவரிடமிருந்து பறியுங்கள். ஆனால் பறித்த போனைத் திறந்து பார்க்க எந்த ஆசிரியருக்கும் உரிமை கொடுக்காதீர்கள். செய்திகளை வகுப்பில் வாசித்துச் சிரித்த கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். பொதுத்தேர்வு முடியும் வரை பீரோவில் வைப்பதும் வேண்டாம். 'அப்பாவை அழைத்து வா' என்றால் அந்த அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. தேயிலை பறிக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான். தண்டனை பிள்ளைக்கா, அவர்களுக்கா? போனில் பேசிச் சொல்லுங்கள், மறுநாள் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் முறையும் அதே பிள்ளை என்றால் அந்தப் பருவம் முழுதும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அப்படியிருந்தும் இந்தத் தீர்மானம் நிறைவேறியபோது யாரும் பேசவில்லை என்று உறுப்பினர் ஒருவரே என்னிடம் சொன்னார்; தலைமை ஆசிரியர் வாசித்தார், கையெழுத்துப் போட்டோம் என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளில் சிலரையும் கூப்பிடுங்கள். பள்ளி விட்டதும் முதல் அழைப்பு யாருக்கு, எந்த இடத்திலிருந்து என்று அவர்களைக் கேளுங்கள். ஆசிரியர்கள் சற்று நேரம் வெளியே இருந்தால் நல்லது. மாணவிகள் சொன்னதைக் குறித்துக்கொண்டு விதியைத் திருத்தி எழுதுங்கள், ஜூனில் பள்ளி திறப்பதற்குள்.

இப்படிக்கு,
பள்ளிக்கு எதிர்க் கடைக்காரி,
கோத்தகிரி வட்டம்.