பெரிய அலை நாளில் எந்த போர்டு? கோவளம், மாமல்லபுரம் சர்ஃப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நாலு வருடமாக ஞாயிறு காலையில் உங்களில் யாராவது ஒருவரிடம் போர்டு வாடகைக்கு எடுக்கிறவன் நான். ஓஎம்ஆரில் கணினி வேலை. முப்பது வயதுக்கு மேல்தான் நீச்சலே ஒழுங்காக வந்தது. அலையில் எழுந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தது உங்கள் குப்பத்துப் பையன்கள்தான், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தில் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. அலை பெரிதாக இருக்கும் நாளில், வருகிறவன் கேட்கிற போர்டை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரு நவம்பர் காலை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், கரையில் மழை இல்லை, அலை மட்டும் தலைக்கு மேல் எழுந்து உடைந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளியில் (பெயர் எதற்கு?) ஆறடி ஷார்ட்போர்டு கேட்டேன். என் எடை 78 கிலோ, அந்த போர்டு 27 லிட்டர் (போர்டின் கன அளவு, அதாவது மிதப்பின் கணக்கு). தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். பாதித் தப்பு என்னுடையதுதான். அலை பெரிதாகப் பெரிதாக போர்டு சின்னதாக வேண்டும், அதுதான் கைதேர்ந்தவனுக்கு அழகு என்று நானாக நினைத்திருந்தேன்.

உங்களுக்குத் தெரியும், விஷயம் நேர் எதிர். பெரிய அலை வேகமாக ஓடும். அது உடைவதற்கு முன்பே அதன் வேகத்தைக் கையால் துடுப்புப் போட்டு எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு நீளம் வேண்டும், மிதப்பு வேண்டும். வழக்கமாக ஆறடியில் ஓட்டுகிறவர்கள்கூட அந்த நாளில் நாலைந்து அங்குலம் நீளமான, வால் பக்கம் கூர்மையான ஸ்டெப்-அப் போர்டைத்தான் எடுக்கிறார்கள். ஹவாய் போன்ற இடங்களின் ராட்சத அலைக்கு ஒன்பது, பத்தடி ‘கன்’ போர்டு வைத்திருப்பதும் இதற்காகத்தான். என் எடைக்கும் என் கைவரிசைக்கும் 35 லிட்டராவது வேண்டும். 27 லிட்டரில் படுத்தால் நெஞ்சு வரை தண்ணீர். அலையைப் பிடிக்கவும் முடியவில்லை, தப்பித்து வெளியே போகவும் முடியவில்லை.

அதற்காகப் புதிதாக வருகிறவருக்கு ஒன்பதடி ஃபோம் போர்டைக் கொடுத்து அனுப்பினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. வருகிற அலையின் நுரைக்கடியில் அதை அமுக்கி, தானும் மூழ்கி அந்தப் பக்கம் போகிற டக் டைவ் அடிக்க முடியாது. போர்டைப் பிடித்தபடியே தலைகீழாகப் புரண்டு அலையை மேலே போக விடுகிற டர்ட்டில் ரோல் தெரியாதவர் பயத்தில் போர்டை விட்டுவிடுவார், அது பின்னால் வருகிறவர் மண்டையில் விழும். செங்குத்தான அலையில் அகலமான மூக்கு நேராகத் தண்ணீரில் குத்தும். அப்படிப்பட்டவருக்கு அந்த நாளில் பொருத்தமான போர்டே உங்கள் கடையில் கிடையாது. “இன்னைக்கு வேணாம் சார், கரையில உட்கார்ந்து பாருங்க” என்று சொல்வதுதான் அன்றைய பாடம்.

அலை இரண்டு மடங்கு உயர்ந்தால் அதில் இருக்கும் ஆற்றல் நாலு மடங்கு. உயரம் ஒன்றாகவே இருந்தாலும், பக்கத்துக் காற்று கிளப்பி ஏழு விநாடிக்கு ஒன்றாக வரும் அலை வேறு, தொலைதூரத்திலிருந்து பதினாலு விநாடி இடைவெளியில் வரும் அலை வேறு; இரண்டாவதுக்கு வலு அதிகம். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு இது தெரியாது. நடுநடுவே கடல் அமைதியாகிவிடும், இறங்கிவிடுவோம், அப்புறம்தான் ‘செட்’, அதாவது பெரிய அலைகளின் கூட்டம், அடுத்தடுத்து வரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தோமே, அன்றும் கள்ளக்கடல் (தொலைதூரப் புயலிலிருந்து கிளம்பி, இங்கே காற்றே இல்லாமல் திடீரென வரும் பேரலை) எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலை உயரத்தைத் தினமும் சொல்கிறது. அதைக் கடை வாசல் கரும்பலகையில் எழுதிப் போட ஒரு சாக்பீஸ் போதும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் உங்கள் வீட்டுப் படகு கடலுக்குப் போவதில்லை. வாடகை போர்டு மட்டும் ஏன் போக வேண்டும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது அலையில் லீஷ், காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு, அறுந்தது. முதல் நாளே அதில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு இருந்திருக்க வேண்டும். நானும் பார்க்கவில்லை, கொடுத்தவரும் பார்க்கவில்லை. சின்ன அலைக்கான ஆறு மில்லிமீட்டர் லீஷ் அது. தலைக்கு மேல் அலை என்றால் எட்டு மில்லிமீட்டராவது வேண்டும், நீளம் போர்டுக்குக் குறையக் கூடாது. போர்டு கரைக்குப் போய்விட்டது. நான் தூண்டில் வளைவை (கடலுக்குள் நீளும் கல் தடுப்பை) ஒட்டிய நீரிழுப்பில் மாட்டி வெளியே போய்க்கொண்டிருந்தேன். எதிர்த்து நீந்தி மூச்சு முட்டியபின்தான், பக்கவாட்டில் போக வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கல்லிலிருந்து விலகி, நுரை இருக்கும் பக்கமாகப் போய், அலை தள்ளத் தள்ளக் கரையேறினேன். கடைசியில் கையைப் பிடித்து இழுத்தவர் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர். திட்டினார், நன்றாகவே திட்டினார்.

2011இல் கலிபோர்னியாவில் ராட்சத அலைக்குப் பெயர்போன மேவரிக்ஸில் ஹவாய் சர்ஃபர் சயன் மிலோஸ்கி இறந்தபோது, பெரிய அலைகளில் ஊறிய அவருடைய நண்பர்கள் “விதி” என்று விட்டுவிடவில்லை. மூச்சடக்கம், முதலுதவி, நீரில் ஒருவரை மீட்பது இதையெல்லாம் சர்ஃபர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பைத் தொடங்கினார்கள். 2025இல் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்த கரை நம்முடையது. வாடைக் காற்று தொடங்குமுன் ஆண்டுக்கு அரைநாள் அப்படி ஒன்று நடத்துங்கள். கட்டணம் வையுங்கள், தருகிறோம்.

வருமானம் போகும் என்பது எனக்கும் புரிகிறது. மழைக்காலத்தில் ஆள் வருவதே அபூர்வம், வந்தவரையும் திருப்பி அனுப்பச் சொல்கிறேன். முன்பணம் கட்டியவருக்கு நாள் மாற்றிக் கொடுங்கள், பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாமல் கத்துகிறவர் என்னைப் போல இருப்பார். அவரிடம் லிட்டர் கணக்கு கேளுங்கள், டக் டைவ் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்.

வரும் ஞாயிறு வருகிறேன். ஷார்ட்போர்டைவிட நீளமும் மிதப்பும் கூடிய ஏழடி ஃபன்போர்டு ஒன்று எடுத்து வையுங்கள். லீஷை இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.