7 சீட்டரில் டிரைவர் யார் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். மூட்டையை எடை போட்டால், சாக்கோடவா, சாக்குப் போகவா என்று கேட்டுத்தான் பேனாவைத் தொடுவோம். அப்படிப்பட்டவனே 'சீட்டர்' என்கிற சொல்லில் ஏமாந்தேன்.

பங்குனியில் பேரனுக்குப் பழனியில் மொட்டை. நான், சம்சாரம், மகள், மருமகன், பேரன், சம்பந்தி வீட்டார் இரண்டு பேர், ஆக ஏழு பேர். உங்கள் வரி விளம்பரத்தில் '7 சீட்டர் வாடகைக்கு' என்று பார்த்துப் போனில் பேசி முடித்தேன். விடிகாலை நாலு மணிக்குக் கார் வந்தது. எல்லாரும் ஏறிய பிறகு சம்பந்தியம்மா தேங்காய்ப் பையோடு வாசலிலேயே நிற்கிறார். "ஏழு பேருன்னு சொன்னேனே" என்றேன். டிரைவர் தம்பி சிரித்துக்கொண்டே, "அப்ப நான் மேல கேரியர்ல உக்காந்து ஓட்டறதுங்களா?" என்றார். பையனை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றதற்கும், கூடுதல் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் இறங்கிக்கொண்டேன். அரச்சலூர், காங்கேயம், தாராபுரம் என்று பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பேரன் தலையில் சந்தனம் காய்ந்துபோயிருந்தது.

பிறகுதான் விசாரித்தேன். ஆங்கிலத்தில் 'சீட்டர்' என்கிற சொல் எண்ணோடு ஒட்டித்தான் வரும். வண்டியில் மொத்தம் எத்தனை இருக்கை என்பதைத்தான் சொல்லும். டூ சீட்டர் விமானம் என்றால் அதில் ஒன்று விமானிக்கு. ஆர்.சி. புத்தகத்திலும் ஓட்டுநரைச் சேர்த்துத்தான் எண்ணிக்கை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் வாடகைக் காருக்கு ஓட்டுநர் நீங்கலாக 6 பேர், மேக்சி கேப் என்கிற வாடகை வேனுக்கு 12 பேர் வரை என்று வேறு விதமாக எண்ணுகிறது. வேன்காரர்கள் '12 பிளஸ் 1' என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். கார்காரர்கள்தான் மொத்தத்தையும் சொல்கிறார்கள். (சோபா செட்டில் இந்த வம்பே இல்லை, திரீ சீட்டர் என்றால் மூன்று பேர் உட்காரலாம், ஓட்டுவதற்கு ஆள் வேண்டாம்.)

'இருக்கை' என்று தமிழில் போட்டாலும் இதே குழப்பம்தான் வரும். ஆகவே வரி விளம்பரங்களில் 'டிரைவர் போக 6 பேர்' என்று அச்சிடச் சொல்லுங்கள்.

அடுத்த மாசம் சிவன்மலைக்குப் போகிறோம். இந்தத் தடவை எத்தனை சீட்டர் என்று நான் கேட்கவே இல்லை. "டிரைவர் போக எத்தனை பேருங்க?" என்றுதான் கேட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
ஈரோடு.