பைகாவின் கதவைத் திறந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

லலித்பூர், நேபாளம்
அக்டோபர் 2024

அன்புடையீர்,

செப்டம்பர் 27, 28 ஆகிய நாள்களில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தைச் செய்திகளில் பார்த்துவிட்டுத்தான் உங்களில் பலர் என்னைத் தொலைபேசியில் தேடினீர்கள். ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பாக்மதிக் கரைக் குடிசைகளிலிருந்து என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அனைவரும் நலமாக இருக்கிறார்கள். என் நாய்கள் செம்பியும் காலேயும் பிழைத்துக்கொண்டன. இதை எழுதும் நிலையில் என்னை வைத்தவர்களுக்கு, மனம் ஆறி வார்த்தைகளைத் தேடத் தொடங்கும் முன்பே நன்றி சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் நன்றி, இம்மடலை வாசிக்க இயலாத ஒருவருக்கு உரியது. நக்கு ஆற்றுக்கு அருகில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு எதிரே, பழைய செங்கல் வீட்டில் வாழும், இப்பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்து மூதாட்டி அவர். பேரன் பேத்திகளைப் போலவே சந்தில் உள்ள நாங்கள் அனைவரும் அவரை அஜி (பாட்டி) என்றே அழைக்கிறோம். நாய்களிடம் அவருக்குப் பெரிய பிரியம் இருந்ததாக நான் ஒருநாளும் எண்ணியதில்லை. செம்பி அவர் வீட்டு வாசற்படியில் முன்னங்காலை வைத்தால் போதும், துடைப்பம் வெளியே வந்துவிடும். தீபாவளியை ஒட்டி வரும் திஹார் பண்டிகையின் இரண்டாம் நாளான குகுர் திஹாரில் நாய்களுக்கு மாலையிட்டுத் திலகமிடும் நாடு இது என்று நம்மூரில் வியந்து பேசுவார்கள். அந்த நாளில் அஜியும் என் நாய்கள் இரண்டுக்கும் செவ்வந்தி மாலை போட்டு, செல் ரொட்டி ஊட்டத்தான் செய்தார். ஆனால் அவ்வளவும் தெருவில் நடந்தது. வணக்கம் வாசலுக்கு வெளியே, அடுப்பங்கரை வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது.

நேவார்களின் பழைய வீடுகளைப் பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்ததன் எடை உங்களுக்குப் புரியாது. தரைத்தளத்தில் சாமான்கள், நடுத்தளங்களில் படுக்கையும் விருந்தினரும், கூரையடியில் உள்ள உச்சித் தளத்தில் அடுப்பும் பூசையறையும் என்பது அந்த வீடுகளின் முறை. அந்த உச்சித் தளத்தைப் பைகா என்பார்கள். வெளியார் அங்கே ஏறுவது வழக்கமில்லை. அஜியின் வீட்டில் எத்தனையோ முறை தேநீர் குடித்திருக்கும் நானே அந்தக் கடைசி ஏணிப்படியில் கால் வைத்ததில்லை.

அன்றிரவு நான் பாக்மதிக்கு அந்தப் பக்கம், மேட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் மாடியில் பிள்ளைகளோடு இருந்தேன்; சாலைகள் அடைபட்டிருந்தன, தொலைபேசியும் உயிரற்றுக் கிடந்தது. எங்கள் சந்துக்குள் நீர் நுழைந்ததும் அஜி தம் பேரனை அனுப்பி என் அறையின் பூட்டை உடைக்கச் சொல்லி, நாய்களைத் தம் வீட்டுக்குத் தூக்கி வரச் செய்திருக்கிறார். நடுத்தளம் முழுவதும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. கூட்டத்தையும் குழந்தைகளின் அழுகையையும் கண்டு மிரண்ட செம்பி உறுமத் தொடங்கியதால், கீழே வைத்திருக்கவும் வழியில்லை, வெளியே விடவும் வழியில்லை. அப்போதுதான், யாரும் கேட்காமலே, இரண்டையும் பைகாவுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அடுப்பின் அருகில் கட்டிவைத்து, நனைந்து நடுங்கிய செம்பியைத் தம் சால்வையால் போர்த்தி, வெந்நீரில் ஊறவைத்த அவலைத் தந்திருக்கிறார்.

மறுநாள் மாலை நான் வந்து சேர்ந்தபோது இவற்றில் எதையும் அவர் சொல்லவில்லை. "இந்த ஒல்லிக்கு உங்கள் ஊரில் சோறே போடமாட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். சிப்பிப்பாறை நாயின் உடல்வாகே அப்படித்தான் என்று நான் எவ்வளவோ விளக்கியும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மீதியை மருமகள் சொல்லித்தான் அறிந்தேன். அக்டோபர் 3 அன்று கடஸ்தாபனை. நேபாளத்தின் பெரும் பண்டிகையான தசைன் தொடங்கும் அந்நாளில் பூசையறையில் மண் பரப்பி வாற்கோதுமை விதைக்க வேண்டும், அதற்கு முன் அவ்விடம் தூய்மையாக இருக்க வேண்டும். முழங்கால் வலியோடு ஏணியேறும் அந்த மூதாட்டி, வேறு எவரையும் தொடவிடாமல், செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பைகாவின் தரை முழுவதையும் தம் கையாலேயே மெழுகியிருக்கிறார். பண்டிகைக்கென ஏற்கெனவே ஒருமுறை மெழுகி முடித்திருந்த தரை அது.

இந்த நாள்களில் என் நினைவு மீண்டும் மீண்டும் அங்கேதான் செல்கிறது. தம் வழக்கம் தவறானது என்று அஜி முடிவுசெய்துவிடவில்லை. இன்றும் செம்பி படியில் கால் வைத்தால் துடைப்பம் வருகிறது. தாம் பெரிதென மதிக்கும் ஒன்றை ஓரிரவு ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குரிய கடனையும் பின்னர் தாமே, ஒரு சொல்லும் இன்றித் தீர்த்தார். பணமும் நேரமும் கொடுப்பது எனக்குப் பழகிய உதவி. எனக்கு முற்றிலும் வேண்டாத ஓர் உயிருக்காக, நான் புனிதமென எண்ணும் எதையாவது இப்படி விட்டுக்கொடுத்திருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

பிள்ளைகளை இடுப்பளவு நீரில் கயிறு பிடித்துக் கடத்திய குடியிருப்பு இளைஞர்களுக்கும், நள்ளிரவில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட காவலருக்கும், கையிலிருந்த மாவையெல்லாம் மோமோவாக்கி விலை வாங்காமல் அனுப்பிய கடைக்கார அக்காவுக்கும், வெள்ள நீரால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்று தாமே தேடி வந்து நாய்களைப் பார்த்த கால்நடை மருத்துவருக்கும், கோவில்பட்டியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பணம் திரட்டி அனுப்பிய உங்களுக்கும் என் வணக்கங்கள். மனிதர்கள் தவிக்கும் நேரத்தில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்று வருத்தத்தோடு கேட்டவர்களிடமும் எனக்குக் கோபமில்லை. நீங்கள் அனுப்பியதில் ஒரு ரூபாயும் நாய்களுக்குச் செல்லவில்லை. அது என் சம்பளத்தின் பாடு. ஆனால் காலே அந்த ஆற்றங்கரையில் பிறந்த குட்டி, பிள்ளைகளே வகுப்புக்குத் தூக்கி வந்து என்னிடம் ஒப்படைத்தது. குடிசைகளை இழந்து பள்ளி மாடியில் உட்கார்ந்திருந்த அவர்கள் விடிந்ததும் என்னிடம் முதலில் விசாரித்தது அதைத்தான்.

இந்தப் பிள்ளைகளை ஏதேனும் இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று அன்போடு எழுதியவர்களுக்கு ஒரு விளக்கம். இவர்களுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். மணல் சுமக்கிறார்கள், குளிர்காலத்தில் செங்கற்சூளைகளுக்குப் போகிறார்கள். நேபாளத்தின் குழந்தைகள் இல்லங்களில் வளர்வோரில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உண்டு. வறுமையும் தரகர்களின் வாக்குறுதியும்தான் அவர்களைப் பிரித்தன. பேரிடர் வந்தால் தரகர்களும் வருவார்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பின், பெற்றோரோ உரிய காப்பாளரோ இன்றிப் பிள்ளைகளை மாவட்டம் விட்டு அழைத்துச் செல்ல அரசு தடை விதிக்க நேர்ந்ததும் அதனால்தான். என் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட அப்படிப் போக நான் விடமாட்டேன் என்று அவர்களின் தாய்மாரிடம் வாக்களித்திருக்கிறேன். அதை உங்களிடமும் எழுத்தில் தருகிறேன். ஆகவே உங்கள் பணம் தகரத்துக்கும், பாத்திரங்களுக்கும், சில குடும்பங்களின் அறை வாடகைக்கும் செலவாகிறது. மிச்சத்தில் சீருடையும் புத்தகப் பையும் வாங்குவோம்.

அக்டோபர் 31 அன்று குகுர் திஹார். நாய்கள் இரண்டையும் குளிப்பாட்டி அஜியின் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். வாசலுக்கு வெளியேதான் நிறுத்துவேன். இம்மடலை அன்று அவருக்கு நேபாளியில் வாசித்துக் காட்ட அவருடைய பேத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். திஹார் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலேயே மாலை வகுப்பும் அதே மாடியில் தொடங்கும்.

நன்றியுடன்,
மாலை வகுப்பு ஆசிரியை