கிளாஸில் விற்கும் மதுவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுபானசாலை என்றாலே நமது திருகோணமலை மாவட்டத்தில் விவாதம் பெரும்பாலும் அது அமையும் இடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. பாடசாலைக்கு எவ்வளவு தூரம், கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்ற அந்த வாதத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஏற்கெனவே அனுமதிப்பத்திரத்துடன் இயங்கும் ஹோட்டல்களும் உணவகங்களும் தாம் விற்கும் மதுவை எங்கிருந்து வாங்குகின்றன என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சில உணவகங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில்லறைக் கடையில் முழுப் போத்தல் வாங்குபவர், மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா, மூடி உடையாமல் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். உணவகத்தில் அமர்ந்து ஒரு பெக் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே ஊற்றிக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் கிளாஸை மட்டுமே அவர் காண்கிறார். ஆகவே அவருக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு, அந்த உணவகம் எவரிடம் வாங்க வேண்டும் என்ற விதியும், அப்படித்தான் வாங்கியது என்பதற்கான எழுத்துமூல ஆதாரமுமே.

இது வீண் பயமல்ல. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் மெதனோல் என்ற நச்சுத் திரவம் கலந்த மதுவை அருந்திய வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் ஆறு பேர் உயிரிழந்தனர். மெதனோலை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது ஃபோமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும்போதுதான் விடயம் தெரியவரும். பருவகாலத்தில் அவர்களைப் போன்ற பயணிகள் நமது கடற்கரைகளிலும் நிறைந்திருக்கிறார்கள்.

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபின், தயாரிப்பாளர்களே மதுக்கூடங்களைத் தம் கைக்குள் வைத்திருந்த பழைய நிலை திரும்பக்கூடாது என்பதற்காக, மதுக்கூடங்கள் இடையிலுள்ள மொத்த வியாபாரியிடமே வாங்க வேண்டுமெனப் பல மாநிலங்கள் சட்டம் செய்தன. தமிழ்நாட்டில் அரசின் டாஸ்மாக் நிறுவனமே மொத்த விற்பனையையும், 2003 முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. மொத்த வியாபாரியிடம் மட்டுமே வாங்கச் சொல்லும் முதல் வழியோ, எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுக்கும் இரண்டாவது வழியோ அப்படியே நமக்கு ஒத்துவராது என்பதே என் எண்ணம். மொத்த விநியோக லொறி வருவதற்கு முன்னரே சனிக்கிழமை இரவில் சரக்குத் தீர்ந்துவிட்டால், பத்து மேசை போட்டு நடத்தும் சிறிய உணவகக்காரர் நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பிச் சில்லறை விலைக்கே வாங்கிச் சமாளிக்கிறார். இதை முற்றாகத் தடுத்தால், அவர் கொழும்பிலிருந்து வருபவர் கொண்டுவரும் தீர்வையற்ற போத்தலையோ அதைவிட மோசமானதையோதான் தேடிப் போவார். எனவே அனுமதிபெற்ற சில்லறைக் கடையிலிருந்து வாங்க இடமளிக்கலாம். ஆனால் வாங்கும் உணவகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம், வகை, அளவு, திகதி ஆகியன பற்றுச்சீட்டில் எழுதப்பட்டு, அதன் பிரதி உணவகத்திலேயே இருக்க வேண்டும்.

பற்றுச்சீட்டு இருந்தால் சோதனை மிக இலகுவாகிவிடும். 750 மில்லிலீற்றர் போத்தலில் 50 மில்லிலீற்றர் அளவில் 15 பெக் மட்டுமே கிடைக்கும். ஒருவரிடம் பத்துச் சாராயப் போத்தலுக்கே பற்றுச்சீட்டு இருக்க, விற்பனைப் புத்தகத்தில் 200 பெக் பதிவாகியிருந்தால், மீதி 50 பெக்கும் எந்தக் கிணற்றில் ஊறியது என்று கேட்க ஆய்வுகூடம் தேவையில்லை. இரண்டு புத்தகம் வைத்திருப்பவர்களை இதனால் பிடிக்க முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும். எல்லோரையும் பிடிக்க முடியாதுதான். ஆனாலும் சமையலறைக்கும் பாருக்கும் போகும் ஓடர் துண்டுகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுமையுள்ள அதிகாரி ஒருவர் வந்தால், பொய்க் கணக்கு நெடுநாள் தாங்காது.

வெற்றுப் போத்தல்களின் கதை வேறு. பின்வாசலுக்கு வரும் பழைய போத்தல் வியாபாரி, லேபிள் கிழியாத, மூடி நசியாத வெளிநாட்டு விஸ்கிப் போத்தலுக்குச் சாதாரண போத்தலைவிடக் கூடுதல் விலை சொல்வதை நான் கண்டிருக்கிறேன். அதை வாங்குபவர் தண்ணீர் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கிறார் என்று நம்ப நான் தயாரில்லை. போத்தல் முடிந்தவுடன் லேபிளையும் ஸ்டிக்கரையும் கீறி அழிப்பதை உணவகத்தின் கடமையாக்கினால், அந்த வியாபாரம் பெருமளவில் படுத்துவிடும். இதற்குச் செலவு எதுவுமில்லை. ஒரு பழைய கத்தி போதும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றே கருதுகிறேன். மதுபான அனுமதிப்பத்திரங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. அடுத்த புதுப்பித்தலின்போது பற்றுச்சீட்டுப் பிரதியையும் வெற்றுப் போத்தல் அழிப்பையும் நிபந்தனைகளாகச் சேர்த்து, சிறிய உணவகங்களுக்கும் விளங்கும் வகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க அறிவித்தலாக மதுவரித் திணைக்களம் வழங்குமாயின், கிழக்குக் கரையின் பருவகாலம் தொடங்கும் முன்னரே எல்லோரும் அதற்குப் பழகிக்கொள்ளப் போதிய மாதங்கள் கிடைக்கும்.

இப்படிக்கு,
கணக்குப்பதிவாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.