பிரபுவுக்கு ஒன்றரை வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வாரிசு நடிகர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு பக்கக் கட்டுரையில் இளைய திலகம் பிரபுவுக்குக் கிடைத்தது ஒன்றரை வரி. அப்பா சிவாஜி கணேசன் பெயரால் வந்தவர், கன்னக்குழிச் சிரிப்பும் நகைக்கடை விளம்பரமும்தான் அவர் அடையாளம் என்று எழுதிவிட்டு உங்கள் கட்டுரையாளர் அடுத்தவருக்குப் போய்விட்டார். கூடவே அக்னி நட்சத்திரம் ஸ்டில் ஒன்றைப் போட்டு, பிரபு, கார்த்திக் பெயர்களை இடம் மாற்றி அச்சிட்டிருக்கிறீர்கள். அது கைப்பிழை என்று விட்டுவிடலாம். அந்த ஒன்றரை வரியை அப்படி விட முடியவில்லை.

அப்பா பெயரால் வந்தார், சரி. யார் மறுத்தார்கள்? அப்பாவின் முதல் படமான பராசக்தி வந்து முப்பது வருடம் கழித்து, 1982இல் சங்கிலி படத்தில் அப்பாவோடுதான் அறிமுகமானார். அடுத்த வருடமே நீதிபதி, சந்திப்பு, மிருதங்க சக்கரவர்த்தி என்று வரிசையாக அப்பாவோடு நடித்தார். ஆனால் அப்பா பெயர் முதல் காட்சிக்குத்தான் ஆள் சேர்க்கும், இரண்டாவது வாரத்துக்குச் சேர்க்காது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவன் நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எத்தனையோ பெரிய வீட்டுப் பிள்ளைகளின் படப்பெட்டி வந்த வேகத்திலேயே திரும்பிப் போயிருக்கிறது.

1991இல் சின்னத்தம்பி வந்தபோது எங்கள் கவுண்ட்டரில் பெண்கள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. முதல் நாள் தனியாக வந்த பெண்கள் மறுநாள் மாமியாரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிவாஜி மகன் என்பதற்காக வந்த கூட்டமா அது? தாலி என்றால் என்னவென்று தெரியாமலே கட்டிவிட்ட ஒரு வெள்ளந்திப் பிள்ளைக்காக வந்த கூட்டம். அந்த மாதிரி வேடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தாலும் கோமாளித்தனம் ஆகிவிடும். படம் முடியும்வரை ஓரிடத்தில்கூட அவர் அப்படி விடவில்லை. ஆசிரியராகிய உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா திரையை நிறைப்பவர். அவர் நின்றால் மற்றவர்கள் தெரிய மாட்டார்கள். மகன் எதிரில் நிற்பவருக்கு இடம் விட்டு நடித்தார். அதையும் நடிப்பு என்றே சொல்ல வேண்டும், என்னைக் கேட்டால் அது கொஞ்சம் கஷ்டமானதும்கூட. அக்னி நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திக் துள்ளிக்கொண்டிருக்கும் காட்சிகளில், போலீஸ் அதிகாரி கௌதமாக இறுக்கமாக நின்றுகொண்டே பிரபு அந்த மோதலைத் தாங்கியிருப்பார். சிவாஜி மகனும் முத்துராமன் மகனும் நேருக்கு நேர் நின்ற படம் அது. வாரிசுகளைப் பற்றிய கட்டுரைக்கு அதைவிட நல்ல உதாரணம் வேறு ஏது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்டில் மட்டும் இருக்கிறது, அதிலும் பெயர் மாறிப்போய்.

அவருடைய உடம்பைப் பற்றி எழுதாத பத்திரிகை உண்டா? உங்கள் கேள்வி பதில் பகுதியில் வந்த கேலிகளும் எனக்கு நினைவிருக்கின்றன. 1994இல் பாலசந்தரின் டூயட்டில், பருத்த உடம்பை நினைத்துத் தனக்குள் கூசிக்கொள்ளும் சாக்ஸபோன் கலைஞன் குணாவாக நடித்தார். ஊர் கேலி பேசிய உடம்பையே ஒரு பாத்திரத்தின் வலியாக மாற்றிக் காட்ட எத்தனை கதாநாயகர்கள் சம்மதிப்பார்கள்? கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பை எல்லாரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். அந்த இசைக்கு முகம் கொடுத்தவரை மட்டும் மறந்துவிட்டோம்.

அப்புறம் 2005இல் சந்திரமுகி. சொந்த நிறுவனமான சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் எடுத்த படம், குடும்பத்துக்குச் சொந்தமான சாந்தி தியேட்டரில் இரண்டு வருடத்துக்கும் மேல் ஓடியது. அதில் அவர் எடுத்துக்கொண்டது கணவன் செந்தில்நாதன் வேடம். அதில் ரஜினி நடித்த சரவணனிடம் அவர் சொல்லும் ‘என்ன கொடுமை சரவணன் இது’ என்ற வசனத்தை இன்றைக்கு ஊரே நகைச்சுவையாகச் சொல்லித் திரிகிறது, உங்கள் இதழின் துணுக்குப் பக்கமும் விட்டுவைக்கவில்லை. தன் மனைவிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று புரிந்துபோன ஒரு மனிதனின் புலம்பல் அது. தயவுசெய்து அந்தக் காட்சியை முழுதாக ஒருமுறை பாருங்கள்.

இந்த வருத்தம் இன்று தொடங்கியதல்ல. 2012இல் அவர் மகன் விக்ரம் பிரபு அறிமுகமான கும்கி வந்தபோது தாத்தாவையும் பேரனையும் ஒப்பிட்டு எழுதினீர்கள். நடுவில் ஒருவர் முப்பது வருடம் நடித்திருக்கிறார் என்பதே அந்தக் கட்டுரையில் தெரியவில்லை. 2022இல் பொன்னியின் செல்வன் வந்தபோது நட்சத்திரப் பட்டியல் போட்டீர்கள். கொடும்பாளூர்ப் பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியாக நடித்தவர் பெயர் அதில் இல்லை. அப்போதும் எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. வாசகர் கடிதங்களுக்கு ஒரு காலத்தில் இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கிய இதழ் உங்களுடையது. இப்போது அரைப் பக்கம், அதிலும் பாதி பாராட்டுக் கடிதம். சந்தா மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இத்தனைக்கும் பிறகு நான் சந்தாவை நிறுத்தவில்லை என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவரைப் பேட்டி எடுக்கப் போகிறவர்களும் அப்பா எப்படிச் சாப்பிடுவார், அப்பா எப்படித் திட்டுவார் என்றுதான் கேட்கிறார்கள். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார். அப்பாவைப் பற்றிப் பேசுவதில் அவருக்குப் பெருமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குணாவுக்கு எப்படித் தயாரானீர்கள், கௌதமின் இறுக்கத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க ஒரு நிருபர்கூடவா இல்லை?

அடுத்த இதழில் அந்த ஸ்டில்லுக்குப் பெயர்களைச் சரியாகப் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். டிசம்பர் 27 அவருடைய பிறந்தநாள். அதையொட்டி வரும் இதழில் இடம் இருந்தால், அவர் நடிப்பைப் பற்றி மட்டும் பேசும் ஒரு பேட்டி போடுங்கள், இரண்டு பக்கம் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.