ஜாடிய கவுத்துப் போட்டு ஒரு போட்டோ போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம மாவட்டச் செய்தியில, பழைய நாலுகெட்டு வீட்ட இடிச்சப்போ கெடச்ச நீலப் பூ போட்ட சீன ஜாடிய "700 வருஷம் பழமையான மிங் காலத்து ஜாடி"ன்னு போட்டிருந்தீங்க. மிங் ராஜாக்க ஆட்சி தொடங்குனதே 1368லதான், முடிஞ்சது 1644ல, அப்போ 700 எப்படி வரும்? குத்தம் சொல்லுததுக்காக எழுதல. அந்த செய்திக்கு அப்புறம் எங்க தெருவிலேயே மூணு வீட்டுல பரண்ல கெடந்த பீங்கான இறக்கி வச்சு வெல விசாரிக்காங்க, அதான் மனசு கேக்கல.

நான் இருக்குறது தக்கலை பக்கம். பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையில (சாப்பாட்டுக் கூடத்துல) இருக்குத சீனப் பரணிகள, அதாவது பெரிய பீங்கான் ஜாடிகள, சின்ன வயசுல பாத்ததுல இருந்தே எனக்கு பீங்கான்னா உயிரு. ஆனா முதல்ல நானே ஏமாந்துதான் படிச்சேன். பழைய சாமான் விக்குத ஒருத்தர்ட்ட 12,000 ரூபா குடுத்து ஒரு குடுவ வாங்குனேன், அடியில நீலத்துல ஆறு சீன எழுத்து, மிங் வம்சத்து சுவான்த ராஜா காலம்னு அர்த்தம், அதாவது 1426ல இருந்து 1435 வர. வீட்டுக்கு கொண்டு வந்து, குடுவ தரையில நிக்குத அடி வளையத்த ஈரப் பஞ்ச வச்சு அழுத்தித் துடைச்சேன், பஞ்சு முழுக்க டீ கலரு, பழசா காட்ட பூசுன சாயம்! வளையம் புத்தம் புது வெள்ளையா வெளிய வந்துட்டு. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

அந்த ஆறு எழுத்த நம்பவே கூடாது. முன்னால இருந்த ராஜா பேர பின்னால வந்தவங்க போடுறது சீனாவுல காலங்காலமா உள்ள வழக்கம், மிங்குக்கு அப்புறம் வந்த காங்ஷி ராஜா காலத்துல (1662–1722) செஞ்ச நல்ல சாமான்லயே மிங் ராஜா செங்ஹுவா பேரு இருக்கும், அது ஏமாத்த இல்ல, பழசுக்கு குடுத்த மரியாத. இப்போ செய்யுறவங்க ஏமாத்தவே போடுதாங்க. இங்கிலீஷ்ல சைனான்னு எழுதியிருந்தா அது 1891க்கு அப்புறம் ஏற்றுமதிக்கு செஞ்சது, அமெரிக்காவுல எந்த நாட்டு சரக்குன்னு எழுதணும்னு சட்டம் வந்தது அப்பதான்.

பாக்க வேண்டியது அடி வளையம். மெருகு (கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குத பூச்சு) போடாத அந்த எடத்துல விரல ஓட்டிப் பாருங்க, நூறு இருநூறு வருஷம் தரையிலயும் பலகையிலயும் இழுபட்டது வழுவழுன்னு இருக்கும், மெருகு முடியுத ஓரத்துல மெல்லிசா ஆரஞ்சு கோடு ஓடும், அது ஒரு எடத்துல தெரியும் ஒரு எடத்துல மறையும், மண்ணுல உள்ள இரும்பு சூளையில சுட்டு வந்த நெறம் அது. பூசி விட்டதுன்னா சுத்தி ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் பத்து மடங்கு லென்ஸ்ல மேல் பக்கத்த பாருங்க. சாப்பிட்டுத் தேஞ்ச தட்டுல கீறல் எல்லா பக்கமும் போகும், உப்புத்தாள் வச்சு தேச்சதுல ஒரே பக்கமா போகும். என் வீட்டுக்காரியோட அம்மச்சி குளச்சல்ல இருந்து கொண்டு வந்த தட்டுல ஒரு எழுத்தும் கெடையாது, விளிம்புல சின்னதா ரெண்டு பொரிவு, ஆனா அந்த ஆரஞ்சு கோடு இருக்கு, எங்க வீட்டுல அதுதான் நெசமான பழசு.

பழசுன்னா உடனே கோடின்னும் நெனைக்காதீங்க. 1752ல மூழ்குன ஒரு டச்சுக் கப்பல்ல இருந்து மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு பக்கத்துல சீனப் பீங்கான் எடுத்து 1986ல ஏலம் விட்டாங்க, பழசுங்கறதுக்காக மட்டும் அபூர்வம் ஆயிராது. அதே மாதிரி ஆக்கர் கடைக்காரங்க (பழைய சாமான் வாங்குறவங்க) சொல்லுத வெலைக்கும் உடனே தூக்கி குடுத்துராதீங்க. நம்ம நாட்டு 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டுன கலைப்பொருள வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், தனியாரு வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. முக்கியமா, புளியும் கம்பி நாரும் போட்டு அடிய தேச்சு வெளுக்காதீங்க, சாட்சியே அங்கதான் இருக்கு.

ஆசிரியர்ட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா தொல்லியல் தெரிஞ்ச ஒருத்தர்ட்ட காட்டிட்டு போடுங்க, கூடவே ஜாடிய கவுத்து அடியையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

இப்படிக்கு,
தக்கலை வாசகர் ஒருவர்