பாகூர் ஆயாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்ததையும், அப்புறம் பட்டதையும் இங்கே எழுதப் போவதில்லை. கடலூரில் அது யாருக்குத் தெரியாது? ஷீட் போட்டுக் கூரை நின்றுவிட்டது, அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார். இப்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படகோடு வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன மீனவத் தம்பிகள், தீயணைப்புத் துறையினர், முகாமில் தூங்காமல் பார்த்துக்கொண்ட ஆசிரியர்கள், பாயும் போர்வையும் தந்தவர்கள், சேறு அள்ள வந்த கல்லூரிப் பிள்ளைகள், பெயர்கூடச் சொல்லாமல் பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போனவர்கள், உங்கள் அத்தனை பேருக்கும் என் கும்பிடு. ஆனால் இன்று மனசு முழுக்க ஒரு சுரைக்குடுக்கைதான்.

எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கில் வருஷக்கணக்காகச் சிட்டுக்குருவிகள் குடியிருந்தன. முகாமில் அம்மா பீரோவைக் கேட்கவில்லை, பத்திரத்தைக் கேட்கவில்லை. "குருவிங்க எங்க போச்சோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாகூரிலிருந்து சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த பெண்களோடு வந்த ஆயா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆயா பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து, வீட்டுக்கே வந்துவிட்டார். மடியில் பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒரு காய்ந்த சுரைக்காய். "விதைக்குன்னு உத்தரத்துல கட்டி வச்சது, தம்பி. ஆட்டிப் பாரு." உள்ளே கலகலவென்று சத்தம்.

திண்ணையிலேயே அதைக் குருவிக்கூடாக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே படிந்திருந்த கருப்புப் பூஞ்சையைத் தேங்காய் நாரால் தேய்த்தார். ஓடு தேன் நிறத்துக்கு வந்தது. கத்தி முனையைத் திருகித் திருகி வாசல் போட்டார். "ரெண்டு விரல் அகலம் போதும். பெரிசா போட்டா மைனா புகுந்துக்கும்." அப்புறம் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மூக்கில் துண்டு கட்டச் சொல்லி, வளைத்த கம்பியால் உள்ளே இருந்த பஞ்சை என்னைச் சுரண்ட வைத்தார். தும்மல் வரவைக்கும் தூசு அது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் தண்ணீர் வடிய நான்கு துளை, கழுத்தில் கட்டித் தொங்கவிட இரண்டு. வாசலுக்குக் கீழே குருவி உட்கார ஒரு குச்சி சொருகட்டுமா என்று கேட்டேன். "வேணாம், அதுல காக்கா உக்காந்து குஞ்சக் கொத்திடும்" என்றார்.

மேற்கு வெயில் படாத இடமாகப் பார்த்து, தாழ்வாரத்தில் கட்டினோம். அம்மா கீழே நின்று "இன்னும் கொஞ்சம் மேல, மேல" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

டீ குடிக்கும்போதுதான் ஆயா சொன்னார், அவர் தோட்டமும் முழுகிவிட்டதாம். உத்தரத்தில் இருந்ததால் தப்பியது இந்த ஒரு காய்தான். வரும் ஆடிப்பட்டத்துக்கு அவரிடம் இருந்த விதை அவ்வளவுதான். உதிர்ந்த விதையில் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியை அப்படியே செய்தித்தாளில் விட்டுவிட்டுப் போனார். எனக்குப் பேச்சே வரவில்லை. வாசலில் நின்று உங்களுக்குச் சொல்ல முடியாததைத்தான் ஆயா, இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கழுத்தில் கருப்புத் திட்டு உள்ள ஆண்குருவி ஒன்று குடுக்கை வாசலில் தொற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அம்மா நொய் எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆடியில் இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு கொடி ஏற்றுவேன். காய்கள் முற்றிக் காய்ந்ததும், நல்லதாக நான்கை எடுத்துக்கொண்டு பாகூர் பஸ் ஏறுவேன். உங்கள் உத்தரத்தில் நானே கட்டித் தருகிறேன், ஆயா.